வேப்பிலை கட்டிய லாரி

ஞாயிற்றுக்கிழமை சித்தி இறந்தாள். திங்கட்கிழமை ஓயாமரி சுடுகாட்டில் எரித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் என் காதுக்குப் பின்னால் முதல் கொப்புளம் வந்தது. இந்த மூன்று நாளையும் நான் விரல்விட்டு எண்ணிப் பார்க்காத வாரம் கிடையாது. எண்ணினால் மாறிவிடப் போகிறதா என்ன. கேஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிற ஆள் நான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இதற்குப் பயந்தே என் வீட்டுக்காரர் என்னோடு சேர்ந்து கிளம்ப மாட்டார், முன்னாடியே போய் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொள்வார். அப்படிப்பட்டவளுக்கு இப்போது சம்மன் வந்திருக்கிறது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் கொள்ளிடம் பாலத்தின் ஓரத்தில் பார்த்ததை மறுபடியும் வந்து சொல்லச் சொல்லி. போன தடவை சொன்ன லட்சணம் எனக்குத் தெரியும். அதனால் இந்தத் தடவை முதலில் எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறது, முன்னே பின்னே இருக்கும்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறையூரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தாள். அந்த அறை பாதிக்கு மேல் காகிதம். கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடிப்படிக்குக் கீழே டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு மனு எழுதிக் கொடுப்பது அவள் தொழில். அதோடு, நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய ஒரு மனித உரிமை அமைப்பில் அவளும் இருந்தாள். போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டவர்கள், சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவர்களின் பெண்டாட்டிகள், செங்கல் சூளையில் அடைத்து வைக்கப்பட்ட குடும்பங்கள் என்று யார் யாரோ எங்கள் வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருவார்கள். அம்மா காபி போட்டுக்கொடுத்துவிட்டு, அடுக்களைக்கு வந்து ஊர் வம்பெல்லாம் நம்ம வீட்டுக்கு என்று முணுமுணுப்பாள். முணுமுணுத்துக்கொண்டே அவர்கள் பிள்ளைகளுக்கு இட்லியும் வைப்பாள்.

சித்திக்கு ஒரு வேலைமுறை உண்டு. வந்தவர்கள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுவாள். எழுதி முடித்ததும் அவர்களுக்கே சத்தமாகப் படித்துக்காட்டுவாள், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நடுவில் நிறுத்தி நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்பாள். பாத்தீங்களா, நெனச்சீங்களா? பார்த்தது நோட்டின் இடது பக்கம். நினைத்தது வலது பக்கம். இடது பக்கம்தான் கோர்ட்டுக்குப் போகும் என்பாள். வீட்டிலும் அதே கதைதான். தம்பிதான் டம்ளரை உடைத்தான் என்று நான் போய்ச் சொன்னால், "பாத்தியா, நெனச்சியா?" என்பாள். நினைத்தேன் என்றால், போய்ப் பார்த்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவாள். உடைந்த டம்ளரைப் போய் என்னத்தைப் பார்ப்பது? அப்பா தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவர் சிரித்துக்கொண்டே, உன் சித்தியை எங்கள் பஸ்ஸில் செக்கிங்குக்கு விட்டால் ஒருத்தனும் டிக்கெட் எடுக்காமல் வர முடியாது என்பார்.

அந்த வருஷம் சித்தி எழுதிக்கொண்டிருந்தது ஒரு மூட்டை தூக்கும் பையனைப் பற்றி. மார்க்கெட்டில் வேலை செய்தவன். செல்போன் திருட்டு என்று பிடித்துக்கொண்டு போனார்கள், மூன்றாம் நாள் பிணமாகத்தான் காட்டினார்கள். வலிப்பு வந்து இறந்துவிட்டான் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். எந்த ஸ்டேஷன் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அவன் பெண்டாட்டி ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் பூக்கட்டி விற்கிறவள். உடம்பை வாங்காதே, மறுபடி அறுத்துப் பார்க்கச் சொல்லு என்று அவளுக்குத் தைரியம் சொன்னதே சித்திதான். மறு பரிசோதனையில் நெஞ்செலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. மாஜிஸ்ட்ரேட் விசாரணை வந்தது. திங்கட்கிழமை அந்தப் பூக்கார அக்கா போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு தடவை படித்துக்காட்டச் சித்தி கிளம்பினாள். லீவு நாள் என்பதால் நானும் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டேன். எனக்கு அப்போது பத்து வயது.

அது மாசி கடைசி ஞாயிறு. சமயபுரத்தில் பூச்சொரிதல். ஊர் ஊராக லாரியிலும் வேனிலும் கூடை கூடையாகப் பூவை ஏற்றி, முன்னால் மாரியம்மன் படத்தை வைத்து, வேப்பிலை கட்டி, மைக் செட் அலற, மஞ்சள் துணி கட்டியவர்கள் பின்னால் நின்று ஆடிக்கொண்டு போவார்கள். அன்றைக்குப் பூ விற்கிறவர்களுக்கு ஸ்ரீரங்கத்தைவிட அந்த ரோட்டில்தான் வியாபாரம். ஆகவே பூக்கார அக்கா கொள்ளிடம் பாலத்துக்கு அந்தப் பக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். சித்தி மண்ணில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் படித்துக்காட்டினாள். அக்கா கை நிற்காமல் பூக்கட்டிக்கொண்டே ஆமாங்க, ஆமாங்க என்று சொன்னது நினைவிருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் கை நின்றது. சட்டையில் ரத்தம் இருந்ததைப் பாத்தியா, நெனச்சியா என்று சித்தி கேட்ட இடம். பாத்தேங்க, நான்தான் துவைச்சேன் என்றாள் அக்கா. சித்தி பேனாவை மூடிவிட்டாள்.

திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். எனக்கு வேண்டும் என்றேன். சித்தி ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்தி என்னை இறக்கிவிட்டாள். அப்போது அவளுக்குப் போன் வந்தது. பந்தல் மைக்கில் காதே கேட்கவில்லை. ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு நாற்பது ஐம்பது அடி தள்ளிப் போய் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள். நான் வரிசையில் நின்றேன்.

பந்தலுக்கு இந்தப் பக்கம் மரத்தடியில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. முன்னால் அம்மன் படம், அதைச் சுற்றி வேப்பிலை, பம்பர் மேல் தடிமனாகச் செவ்வந்தி மாலை. நம்பர் இருக்கிற இடமே தெரியவில்லை. பின்னால் ஆள் யாரும் இல்லை, பூக்கூடையும் இல்லை. கதவு திறந்திருந்தது. டிரைவர் மஞ்சள் வேட்டி கட்டி, கழுத்தில் மாலை போட்டு, ஒரு காலைக் கீழே படிக்கட்டில் ஊன்றிக்கொண்டு சித்தி நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. என் உயரத்துக்கு எதிரே இருந்தது அவர் கால்தான். அதில் ஷூ போட்டிருந்தார்.

மாலை போட்டவர்கள் செருப்பே போடக்கூடாது. பக்கத்து வீட்டு மாமா மாலை போட்டால் தார் ரோட்டில் குதித்துக் குதித்துத்தான் நடப்பார். இவர் நல்ல பிரவுன் ஷூவாகப் போட்டுக்கொண்டு அம்மன் வண்டியில் உட்கார்ந்திருக்கிறாரே, ஆத்தா கோபித்துக்கொள்ளுமே, யாராவது இவரிடம் சொல்லக்கூடாதா என்று தவித்தேன். நானே சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவர் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். லாரி கிளம்பியது.

அம்மன் வண்டி கடந்து போகிறதென்றால் எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். வரிசையில் இருந்த இருபது பேரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். அந்த மாமாவின் ஷூவை மன்னிச்சுடு ஆத்தா என்று கண்ணை இறுக்கி மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது சத்தம் முடிந்திருந்தது. ஸ்கூட்டி ஒரு பக்கம் கிடந்தது. சித்தியின் நோட்டுத் தாள்கள் பாலத்துக் காற்றில் பறந்தன. லாரி பாலத்தின் மேல் போய்க்கொண்டே இருந்தது, நிற்கவில்லை.

பிறகு என்னை யார் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. பூக்கார அக்காதான் என்று பின்னால் சொன்னார்கள். ஆனால் அவள் மறுநாள் திங்கட்கிழமை, அழுத முகத்தைக்கூடக் கழுவாமல் தனியாகப் போய் மாஜிஸ்ட்ரேட் முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அங்கிருந்து நேராக ஓயாமரிக்கு வந்தாள். அது எனக்கு நன்றாகத் தெரியும், அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அம்மா அழுதது அன்றைக்கு ஒருநாள்தான். செவ்வாய்க்கிழமை எனக்குக் கொப்புளம் வந்துவிட்டது. எங்களுக்கு அம்மை என்பது நோயில்லை. ஆத்தா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். வந்தவள் மனம் குளிர வேண்டும். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அந்நியர் உள்ளே வரக்கூடாது. தாளிக்கக்கூடாது, தலை சீவக்கூடாது, சத்தம் போட்டுப் பேசக்கூடாது. அழவே கூடாது. தெருப் பெண்கள் வாசலுக்கு வெளியே நின்று அம்மாவுக்கு இதையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினார்கள். சித்தியின் கருமாதியைப் பெரிய மாமா லால்குடியில் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். கூடப் பிறந்த அம்மா போகவில்லை. அவள் என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேப்பிலைக் கொத்தால் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். சில நேரம் நிமிர்ந்து பார்த்தால் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருப்பாள்.

எனக்கோ ஆத்தா எதற்கு வந்திருக்கிறாள் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த மாமா ஷூ போட்டது முதல் தப்பு. அதைப் பார்த்தது நான். பார்த்தும் சொல்லவில்லை. அவரைத் தண்டிக்க வந்த ஆத்தா குறி தப்பிச் சித்தி மேல் விழுந்துவிட்டாள். இப்போது என்னைப் பார்க்க வந்திருக்கிறாள். ஜுரத்தில் இதையே திருப்பித் திருப்பி நினைத்தேன். அம்மாவிடம் கொஞ்சம் சொன்னேன், ஷூவை விட்டுவிட்டு. வேப்பிலை கட்டின லாரிதான் சித்தியை இடித்தது என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். ஆத்தா வண்டியை அப்படிச் சொல்லாதே, வீட்டுக்குள் இருக்கிறாள், காதில் விழும் என்றாள். பிறகு சமயபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, பிள்ளை கண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் எழுந்துவிட்டால் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறேன், அவள் வாயிலிருந்து உன் வண்டியைப் பற்றி ஒரு சொல் வராது என்று வேண்டிக்கொண்டாள். வேண்டுதலின் பின்பாதியில் என்னைக் கேட்காமலே என்னையும் சேர்த்துவிட்டாள்.

புதன்கிழமை எஸ்.ஐ. வந்தார். கேஸ் அவர் கையில்தான் இருந்தது. வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றிப் படிக்குக் கீழே விட்டார். தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா உள்ளேயிருந்தே விஷயத்தைச் சொன்னாள். "ஒண்ணும் அவசரமில்லம்மா. ஆத்தா இறங்கட்டும், நிதானமா வரோம்" என்றார் அவர். தன்மையான குரல். அம்மாவுக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு போலீஸா என்று அப்பாவிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை வக்கீல் வந்தார். சித்தியின் அமைப்பில் இருந்தவர், பாலக்கரைக்காரர், சித்தியைக் கூடப் பிறந்தவள் மாதிரி நினைத்தவர். அவரும் படி ஏறவில்லை. ஆனால் போகவும் இல்லை. வெயிலில் அரைமணி நேரம் தெருவில் நின்றார். முந்தின நாளே ஒருத்தன் நான்தான் ஓட்டினேன், பிரேக் பிடிக்கவில்லை என்று சரண்டர் ஆகிவிட்டான், லாரியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், பந்தலில் நின்றவர்களில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டேனென்கிறார்கள், அம்மன் வண்டிங்க, நம்பரெல்லாம் யாரு பாத்தா என்கிறார்கள் என்று அவர் அம்மாவிடம் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது. அவருக்கு வேண்டியது என் வாய்ச் சொல் மட்டும்தான். கதவுக்கு வெளியே நின்றாவது கேட்டுக்கொள்கிறேன் என்றார். அம்மா அசையவில்லை.

"நாள் போகப் போக கேஸ் ஆறிப்போயிடும் தங்கச்சி."

"கேஸு ஆறட்டும்ண்ணே. புள்ள உடம்பு ஆறணும்."

அவர் கிளம்பிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து தினமும் ஓர் ஆட்டோவில் இரண்டு இளநீர் வந்தது. யார் அனுப்பியது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் அதைக் குடித்துக்கொண்டு, வாசல் வேப்பிலை இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது இருக்கிறவரை யாரும் என்னைக் கேட்க முடியாது.

அம்மை இறங்கி, மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை எடுத்து ஆற்றில் விட்டு எல்லாம் முடிந்தபோது இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அடுத்த நாளே எஸ்.ஐ. வந்தார். சாக்லேட் வாங்கி வந்திருந்தார். லாரி வேகமாக வந்ததா என்றார், ஆமாம் என்றேன். நம்பர் பார்த்தாயா என்றார், இல்லை என்றேன். வேறு ஏதாவது கேட்பார் என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வரி எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். யாருக்கும் படித்துக்காட்டவில்லை. சித்தியாக இருந்தால் மூன்று தடவை படித்திருப்பாளே என்று எனக்குத் தோன்றியது. சாக்லேட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அந்த வாரமே சமயபுரம் போய் வெள்ளிக் கண்மலரைச் சாத்திவிட்டு வந்தோம். ஆத்தா என் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டதாகவே எனக்குத் தோன்றியது.

கேஸ் விபத்து என்றுதான் போனது. விபத்தில்லை, கொலை என்று வக்கீல் மனு மேல் மனு போட்டு, என்னைக் கூண்டில் ஏற்றும்போது மூன்று வருஷம் ஆகிவிட்டது. எனக்குப் பதின்மூன்று வயது. அந்த வாரம் தம்பிக்கு ஜுரம். அதை இங்கே சொல்லியாக வேண்டும். காலையில் கிளம்பும்போது அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. காதுக்குப் பின்னால் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இன்னும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பக்கத்து வக்கீல் கேட்டபோது வேப்பிலை, மாலை, மரத்தடியில் நின்றது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு டிரைவர் பக்கத்து வக்கீல் எழுந்தார். மிரட்டவெல்லாம் இல்லை, குனிந்து சிநேகமாகத்தான் கேட்டார்.

"வேப்பிலை கட்டியிருந்துச்சுன்னு போலீஸ் கேட்டப்ப ஏம்மா சொல்லல?"

"ஆத்தா கோச்சுக்குங்க."

பின் வரிசையில் சிரிப்பு. "சரி, இருபத்து மூணு நாள் ஏன் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல?"

"ஆத்தா வீட்ல இருந்துச்சுங்க."

இந்தத் தடவை முன் வரிசையிலும் சிரித்தார்கள். ஓரத்தில் நின்ற ஒரு பெரியவர் மட்டும் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இதற்கு நடுவில் யார் யார் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ என்று அந்த வக்கீல் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் எதிரே நின்றவனைக் காட்டி, இவர்தான் ஓட்டினவரா, நன்றாகப் பார்த்துச் சொல்லு என்றார்.

நான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். ஒல்லியான ஆள். வெறுங்காலோடு நின்றான். குதிகால் வெடித்து, விரலெல்லாம் அகன்று, பிறந்ததிலிருந்து ஷூவே போடாத கால். இந்த ஆள் இல்லை, அவர் ஷூ போட்டிருந்தார் என்று தொண்டை வரைக்கும் வந்தது. மூன்று வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாதது. ஏற்கெனவே வாக்கை மீறி வேப்பிலையைச் சொல்லியாகிவிட்டது. இதையும் சொன்னால், மாலை போட்டவரைக் காட்டிக்கொடுத்தால், வீட்டில் தம்பி படுத்திருக்கிறான்.

"தெரியாதுங்க" என்றேன்.

அவ்வளவு போதும் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீல் என் பக்கம் திரும்பவே இல்லை. கையில் இருந்த காகிதங்களை அடுக்கினார், அடுக்கினதையே மறுபடி அடுக்கினார். டிரைவருக்குக் கவனக்குறைவு என்று ஏதோ சின்னத் தண்டனை. அதோடு முடிந்தது. தம்பிக்கு மறுநாள் ஜுரம் விட்டுவிட்டது. நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று நம்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம், ஸ்கூல் விட்டு வரும்போது ஒரு பைக் என் பின்னாலேயே வந்தது. பேசாது, முந்தாது, தெருமுனை வந்ததும் திரும்பிப் போகும். அப்பா டூட்டி மாற்றிக்கொண்டு நாலு நாள் கூட வந்தார். ஐந்தாம் நாள் என் டி.சி.யை வாங்கி வந்துவிட்டார். யாரும் அதைப் பற்றிச் சண்டை போடவில்லை. சித்தி இருந்தால் போட்டிருப்பாள்.

இப்போது நான் சின்னக்கடைத் தெருவில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், புதிதாகப் போலீஸில் சேர்ந்த பையன் ஒருவன் அவன் அம்மாவோடு வந்தான். அளவு பார்க்கச் சாய்வுக் கட்டையில் அவன் காலை வைக்கச் சொல்லி, நான் கீழே உட்கார்ந்து பிரவுன் ஷூவை மாட்டி லேஸ் கட்டினேன். தினமும் செய்கிற வேலைதான். ஆனால் அந்தப் பையன் அன்றைக்கு என்ன நினைத்தானோ, காலைக் கட்டையில் இருந்தபடியே ஊன்றிக்கொண்டு, கடைக்கு வெளியே யாரையோ பார்த்தான். என் கண்ணுக்கு நேரே அந்தக் கால். நான் லேஸைத் தப்பாகக் கட்டினேன். அவிழ்த்து மறுபடி தப்பாகக் கட்டினேன். ஒடம்பு சரியில்லையாம்மா என்று அந்த அம்மா கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் வக்கீல் வீட்டுக்குப் போனேன். வயதாகிவிட்டது அவருக்கு, கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. சித்தி கேஸை அவர் விட்டுவிடவில்லை. பூக்கார அக்காவும்தான். மாதம் ஒரு தடவை அவரிடம் வந்து என்ன ஆச்சுங்க என்று கேட்டுவிட்டுப் போவாளாம். நான் ஷூவைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டார்:

"பாத்தியாம்மா, நெனச்சியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பார்த்தேன் என்றேன். ஷூவை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, ஆனால் கூண்டில் நின்றவன் அவனில்லை என்றாகும், அப்புறம் அவனை நிறுத்தியது யார் என்று கேட்க வேண்டிவரும் என்றார். எழுதினார். படித்துக்காட்டினார், மூன்று தடவை. அது ஹைகோர்ட்டுக்குப் போய், மூன்று வருஷம் கிடந்து, வேறு ஊர் அதிகாரிகள் புதிதாக விசாரிக்க வேண்டும் என்று ஆர்டர் வந்து, இப்போது இந்தச் சம்மன். வருகிற வாரம் போக வேண்டும். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஆத்தா இருந்தாள் என்று இந்தத் தடவை சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், இடித்ததை நான் பார்க்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அந்த ரோட்டில் எல்லாருமே கண்ணை மூடுவார்கள் என்று வேப்பிலை கட்டினவர்களுக்குத் தெரிந்திருந்தது. இது நான் நினைத்தது. வலது பக்கம்.

இன்னும் ஒன்று பாக்கி. எஸ்.ஐ. வந்த அந்தப் புதன்கிழமை நான் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். வாசலில் தொங்கிய திரைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாக, வாசற்படிக்குக் கீழே அவர் கழற்றிவிட்ட ஷூ தெரிந்தது. பிரவுன். முன்பக்கம் உருண்டையாக, பளபளவென்று துடைத்தது. அவருடையதுதான் லாரியில் பார்த்தது என்று நான் சொல்லவில்லை, ஊரில் எத்தனையோ போலீஸ்காரர்கள். அதே மாதிரி ஷூ. அவ்வளவுதான் பார்த்தது. நான் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன். அந்த லாரிக்கார மாமாவும் இவரை மாதிரி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியில் ஏறியிருந்தால், சித்திக்கு ஒன்றும் ஆகியிருக்காது.